வளராதவளுக்குத் தண்ணீர் வார்த்தது

மாசி 4, திங்கள்

காலையில் கடும் பனி. வைக்கோல் நனைந்து கிடந்தது. நெற்கதிர்ச் சூடு அடிக்க உழவு மெசின் இன்றும் வரவில்லை. அக்கராயன் பக்கம் வேறு யாருடைய வயலிலோ நிற்கிறதாம். மாமா வரம்பில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தவை: முற்றம் கூட்டியது. மாட்டுக்குத் தண்ணீர். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தது.

வீட்டுப் பிள்ளை வசந்தியின் (இனி வ.) பழைய சட்டை இரண்டு எனக்கு வந்தன. பிடித்துத் தைக்க வேண்டியதில்லை. அப்படியே அளவு. நான் இந்த வீட்டுக்கு வந்த வருடம் என் சட்டையை வெட்டித்தான் அவளுக்குத் தைத்தார்கள்.

கிணற்றடியில் பக்கத்துக் காணி இராசம்மாக்கா:

"எடி பூமணி, உன்னை என்ன, உப்பிலை ஊறப்போட்டே வைச்சிருக்கினம்? வந்த நாளிலையிருந்து அதே மூஞ்சை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் பார்ப்பார்கள்.

மாமிக்கு வாசிக்க வராது. வ.வுக்கு வாசிக்கப் பிடிக்காது. மாமா தன் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஆகவே இந்தக் கொப்பியில் உள்ளபடி எழுதலாம். நான் வளர்வதில்லை. சாவதுமில்லை. எப்போதிலிருந்து என்று தெரியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை போல இருப்பேன், அவ்வளவுதான். பேய் இல்லை. பேய்க்குப் பசிக்காது என்கிறார்கள், எனக்குப் பசிக்கும். காய்ச்சலும் வரும். வந்துவிட்டுப் போய்விடும்.

வழக்கம் இதுதான்: ஒரு வீட்டில் நாலைந்து வருடம். அந்த வீட்டுப் பிள்ளை என் தோளைத் தாண்டும்போது வெளிக்கிட்டுவிடுவது. வ. என் தோளைத் தாண்டி எவ்வளவோ காலம். இந்த முறை ஏன் இருந்தேன் என்று தெரியவில்லை. சோம்பலாக இருக்கலாம்.

மாசி 5, செவ்வாய்

வெயில். மெசின் வந்தது. பெரிய சத்தம். மாடுகள் பத்து நாள் சுற்றி மிதிக்கிற சூட்டை அது பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டது. ஓட்டுகிற ஆள் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு சினிமாப் பாட்டுப் பாடினான். மாமா நெல்லைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார். எண்ணெய் மணக்கிறதாம்.

முன்பு இந்த இடத்தில் சூடு மிதிக்கும்போது ஆட்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள். மாட்டை மாடு என்று சொல்லமாட்டார்கள், நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள். பூதங்களுக்கு விளங்கினால் பொலி குறைந்துவிடும் என்று பயம். பெண்பிள்ளைகள் களத்துக்குள் கால் வைக்கவே கூடாது. இந்தக் குடியேற்றக்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பக்கத்தார். அந்தப் பேச்சு இவர்களுக்குத் தெரியாது. மெசின் சத்தத்தில் யார் எதைப் பேசினாலும் கேட்காது. நான் களத்துக்கு நடுவே போய்த் தேத்தண்ணி கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பின்னேரம் மலேரியா மருந்து அடிக்கிறவர்கள் வந்தார்கள். சுவர் எல்லாம் வெள்ளையாகப் போய்விட்டது. மாமி சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

ஒன்றை இங்கே எழுதிவைக்க வேண்டும். எனக்கு உதவியாக இருந்தது காய்ச்சல்தான். ஊரில் பாதிப் பேர் போய்விடுவார்கள். மிஞ்சினவர்களும் குடிபெயர்ந்துவிடுவார்கள். இந்தப் பெட்டை ஏன் அப்படியே இருக்கிறாள் என்று கேட்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். அடுத்த ஊரில் போய், தாய் தகப்பன் காய்ச்சலில் போய்விட்டார்கள் என்று சொன்னால் ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள். இந்த வீட்டுக்கும் அதைச் சொல்லித்தான் வந்தேன்.

இப்போது ஒருவரும் சாகிறதில்லை. இராசம்மாக்காவுக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் இருக்கிறார்கள். ஏழு பேரும் வருடா வருடம் உயருகிறார்கள். மாமா இருபது தென்னம்பிள்ளை வைத்திருக்கிறார். முன்பு இந்தக் காட்டில் ஒருவரும் தென்னை வைத்துப் பார்த்ததில்லை. காய்க்கும்வரைக்கும் இருப்போம் என்ற எண்ணம் யாருக்கும் இருந்ததில்லை.

மருந்து மணம். தலையிடி.

மாசி 7, வியாழன்

மந்தாரம். வ. பெரியபிள்ளையாகிவிட்டாள்.

காலையில் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று அழுதாள். நான்தான் மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி கையில் இருந்த அரிசிச் சுளகை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். கோழிகளுக்கு நல்ல காலம்.

அறையின் மூலையில் சேலை கட்டி மறைத்தாயிற்று. பாய், வேப்பிலை, இரும்புத் துண்டு. ஆண்கள் கண்ணில் படக்கூடாது. மாமா வீட்டுக்குள் வருவதற்கு முன் முற்றத்தில் நின்று இருமுகிறார். இரண்டு கிழமை இந்த இருமலைக் கேட்க வேண்டும்.

சாப்பாடு: பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி, கத்தரிக்காய்ப் பால்கறி. வ. முட்டையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணால் என்னைக் கெஞ்சினாள். மாமி திரும்பிய நேரம் மற்ற முட்டையை நான் விழுங்கினேன்.

மாமி அடுப்படியில் இருந்து அழுதார். சந்தோஷ அழுகை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

மாசி 8, வெள்ளி

பெண்கள் வந்தார்கள், பலகாரத்தோடு. நான் தேத்தண்ணி ஊற்றினேன். இத்தனை காலம் கிடைத்தும் நாலு பேர் முன்னால் நிற்க எனக்கு இன்னும் பழகவில்லை. கோப்பைகள் தட்டத்தில் கிலுகிலு என்றன.

இராசம்மாக்கா: "இளையதுக்குத் தண்ணி வாக்கப் போறியள். மூத்தது இன்னும் அப்பிடியே நிக்குது. பதினேழு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

மாமி: "அவளுக்கும் வரும்."

"எப்ப? எங்கடை கடைசிப் பெட்டை இவளைவிட உயரம். அக்கா, நான் உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன். ஒரு வீட்டுக்குள்ளை இப்பிடி ஒண்டு இருந்தால் வசந்திக்குப் பேசி வாறவங்களும் யோசிப்பாங்கள்."

வேறொருத்தி: "கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோவன். இப்ப உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் படம் பிடிச்சுப் பாக்கிறாங்களாம்."

இரவுச் சோற்றின்போது மாமாவும் அதையே சொன்னார். திங்கட்கிழமை நெல் கொண்டு போகும் லொறியில் நானும் ஏறிக் கிளிநொச்சிக்குப் போக வேண்டும். டாக்குத்தர் நல்லவராம்.

டாக்குத்தர் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். முன்பு வைத்தியர் கை பிடித்துப் பார்ப்பார், வாதம் என்பார், போய்விடுவார். இப்போது எழுதிவைக்கிறார்கள். அடுத்த முறை எடுத்துப் பார்க்கிறார்கள். உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு.

பள்ளிக்கூடத்திலும் இதனால்தான் நின்றேன். மூன்றாம் வருடமும் என்னை முன்வாங்கில் இருத்திவிட்டு, "உனக்கு வீட்டிலை சோறு போடுறேல்லையோ?" என்று வாத்தியார் கேட்டார். மாமிக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. அடுத்த நாளே மறித்துவிட்டார். அதற்கு முந்திய பள்ளிக்கூடத்திலும் இதே மாதிரித்தான். அது பாதிரிமாரின் பள்ளிக்கூடம், முல்லைத்தீவுக் கரையில். அந்த வாத்தியாரின் முகம் மறந்துவிட்டது. பிரம்பு மட்டும் ஞாபகம்.

ஞாயிறு காலை துணுக்காய்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிடலாம். கொண்டு போக: சட்டை இரண்டு. சீப்பு. இந்தக் கொப்பி.

மாசி 9, சனி

வெயில். மிளகாய் காயப்போட்டேன்.

குளக்கட்டில் புதிதாக மண் போடுகிறார்கள். இஞ்சினியர் ஒருவர் தொப்பியோடு வந்து பழைய மதகின் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். எந்தக் காலத்து வேலை, எவ்வளவு மூளை என்று வியந்தாராம். மாமா வந்து சொன்னார். அந்தக் கல்லை இறக்கியபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கயிறு அறுந்து ஒருவனின் கால் போயிற்று. மூளை எல்லாம் இல்லை. ஒரே சத்தம், ஒரே ஏச்சு. அவனுடைய பெயர் தெரிந்திருந்தது. இப்போது இல்லை.

பொழுது படுகிற நேரம் பிள்ளைகள் எல்லோரும் வெளியே நின்று வானத்தைக் காட்டினார்கள். நட்சத்திரம் போல ஒரு வெள்ளி நகர்ந்து போயிற்று. மனிதர் செய்து மேலே விட்டதாம். வானத்தில் நான் அறியாத ஒன்று. ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்து உளைந்தது.

நாளைக்குப் பஸ். வ. மறைப்புக்குள் இருந்து கூப்பிட்டாள். "பூமணி, எனக்கு அலுப்படிக்குது. வந்து தாயம் விளையாடு." போய் விளையாடினேன். தோற்றேன்.

மாசி 10, ஞாயிறு

போகவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடிய எழும்பிக் குசினிக்குள் போனேன். போவதற்கு முன் அடுப்பை மூட்டி வைக்கலாம் என்று. மாமி எனக்கு முன்னமே அங்கே இருந்தார். கதவைச் சாத்தினார்.

"பூமணி, நான் ஒண்டு சொல்லுவன். ஓம் எண்டு மட்டும் சொல்லு."

"ஓம் மாமி."

"நீயும் பெரியபிள்ளையாகிட்டாய். இண்டைக்கு விடியப்புறம்."

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

"வசந்தியோடை சேத்து உனக்கும் தண்ணி வாப்பம். ஒரே பந்தல், ஒரே செலவு. இராசம்மாவின்ரை வாய் மூடும். ஆசுப்பத்திரியும் வேண்டாம்."

"பொய்யெல்லோ மாமி?"

"ஓம், பொய்தான். அதுக்கென்ன? ஊரிலை உண்மையே கதைச்சுக்கொண்டு திரியினம்?"

பிறகு முற்றத்துக்குப் போய் உரத்த குரலில் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார், பக்கத்துக் காணிக்கும் கேட்கும்படியாக. மாமா இருமினார்.

இப்போது நான் வ.வுக்குப் பக்கத்தில் மறைப்புக்குள் இருக்கிறேன். வெளியே போக முடியாது. பஸ் போகிற சத்தம் கேட்டது.

மாசி 12, செவ்வாய்

உள்ளே புழுக்கம். எனக்கும் முட்டை, களி.

துணி வெளுக்கிற செல்லி வந்தாள். முதல் நாள் உடுத்த துணி அவளுக்குச் சேர வேண்டும், அது முறை. ஊரையே ஏமாற்றினாலும் இவளை ஏமாற்ற முடியாது என்று மாமிக்குத் தெரியும். மாமி மூட்டையைக் கொடுத்தார். செல்லி அவிழ்த்துப் பார்த்தாள். வ.வின் துணியை எடுத்தாள், என்னுடையதை எடுத்தாள். வெயிலில் பிடித்தாள். திரும்ப மடித்தாள்.

"நாச்சியார், எனக்குச் சீலையும் அரிசியும் தாங்கோ. கதை எனக்கு வேண்டாம்."

மாமி அரிசியைப் பெட்டி நிறையக் கொட்டினார்.

வ. சாயங்காலம் காதுக்குள்: "உண்மையாய் உனக்கு வந்ததோ?"

"இல்லை."

"எனக்குத் தெரியும். என்ரை சடங்கிலை பாதி போச்சு. முட்டையையும் நீயே விழுங்கு." பிறகு பாயின் ஓரத்தைப் பிய்த்தாள். "நீ போயிடுவியெல்லோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"சனிக்கிழமை தாயம் விளையாடேக்கை வேணுமெண்டு தோத்தனி. நீ ஒரு நாளும் தோக்கிறேல்லை."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். தூக்கம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கண்ணீரும் வரவில்லை.

மாசி 17, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. வெளியே பந்தலுக்குத் தடி வெட்டுகிற சத்தம். இராசம்மாக்கா பலகாரம் சுட உதவிக்கு வந்து நிற்கிறார். "பார்த்தியளே, நான் சொன்னதும் வந்திட்டுது" என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

அடுத்த வீட்டு றேடியோவில் மாட்டு உரம் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசினார்.

மாசி 22, வெள்ளி

சடங்கு. வெயில், காற்று இல்லை.

காலையில் முற்றத்தில் பலகை போட்டு இருத்தினார்கள். வ. முதலில், பிறகு நான். தாய்மாமன்தான் தேங்காய் உடைக்க வேண்டும். எனக்கு யாருமில்லை என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தபோது மாமா முன்னால் வந்தார். "என்னை மாமா எண்டுதானே கூப்பிடுறவள்" என்றார். உடைத்தார். பாலும் அறுகும் தலையில் வைத்தார்கள், தண்ணீர் வார்த்தார்கள். குளிர்ந்தது. இதே மாதிரிச் சடங்குகள் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், கூட்டத்தின் பின்னால் நின்று. பலகையில் இருந்து பார்த்தால் ஆட்களின் கால்கள்தான் தெரியும்.

மாமி எனக்குச் சேலை உடுத்தினார். பாதியை உள்ளே மடித்துச் செருகினார். அப்படியும் நிலத்தில் இழுபட்டது. நகை இராசம்மாக்காவுடையது. அவராகவே கழற்றிக் கொடுத்தார். "வடிவாய்த்தான் இருக்கிறாய் கள்ளி" என்றார்.

பிறகு கிளிநொச்சியில் இருந்து படம் பிடிக்கிறவர், மூன்று கால் பெட்டியோடு. முகத்தை ஒருவரும் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் இத்தனை காலமும் எனக்கு இருந்த பாதுகாப்பு. மனிதர் மறந்துவிடுவார்கள். பெட்டி மறக்காது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடலாமா என்று பார்த்தேன். வ. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விடவில்லை.

"பெரிய பிள்ளை சிரிக்கிறா, சின்னப் பிள்ளை ஏன் உம்மெண்டு இருக்கிறா?" என்றார் அவர்.

"மாறிச் சொல்லுறியள் ஐயா," என்றாள் வ. "இவதான் பெரியவ."

எல்லோரும் சிரித்தார்கள். வெளிச்சம் அடித்தது. முடிந்துவிட்டது.

சாப்பாடு: சோறு, ஐந்து கறி, பாயசம். பாயசம் அடிப்பிடித்துவிட்டது.

மாசி 24, ஞாயிறு

பந்தல் பிரித்தாயிற்று. முற்றத்தில் குழிகள். மாமி தலைக்கு எண்ணெய் வைக்கக் கூப்பிட்டார். வேப்பமரத்தடியில் அவருக்கு முன்னால் இருந்தேன். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"இந்தத் தலையை அஞ்சு வருசமாய் நான் வாரிவிடுறன். ஒரு விரல்கூட நீளேல்லை. நான் வெட்டினதுமில்லை."

மடியில் விழுந்த வேப்பிலையைக் கிள்ளினேன்.

"நகமும் அப்பிடித்தான். நீ ஆர், என்ன எண்டு நான் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன். கேட்டால் பயம் வரும். பயம் வந்தால் உன்னைத் தொடமாட்டன்." சீப்பு நிற்கவில்லை. "நீ போகத்தான் போறாய் எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு விடிய நீ சட்டையை மடிச்சு வைச்சிருந்தனி. சும்மா ஓடினால் என்ன சொல்லுவினம்? ஓடிப்போனாள் எண்டுவினம். இல்லாட்டிக் குளத்திலை விழுந்திட்டாள் எண்டு தேடுவினம். நான் செத்த வீடு செய்யவேணும், உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு. எனக்கு ஏலாது. இப்ப தண்ணி வாத்தாச்சு. சனம் கண்டிட்டுது. துணுக்காயிலை இனசனம் கண்டுபிடிச்சுது, கூட்டிக்கொண்டு போச்சினம், அங்கை வளந்து கலியாணம் கட்டுவாள் எண்டு சொல்லுவன். ஒருத்தரும் தேடமாட்டினம்."

சடங்கு அதற்காகத்தான். இராசம்மாக்காவின் வாய்க்காக இல்லை.

இதுவரை எந்த வீட்டிலும் என்னை வழியனுப்பினதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நான் செத்துப்போனவள், அல்லது ஓடிப்போனவள். சொல்ல வேண்டும் போல இருந்தது. "எண்ணெய் கண்ணிலை வடியுது மாமி" என்றேன்.

துடைத்துவிட்டார். பிறகு என் தலையைத் தன் பக்கம் திருப்பினார்.

"இதையும் கேள். ஒரு பத்துப் பதினைஞ்சு வருசம் கழிச்சுத் திரும்பி வா. உன்ரை மகளாய் வா."

எனக்கு விளங்கவில்லை.

"விளங்கேல்லையோ? பூமணியின்ரை மகள் வந்திருக்கிறாள், அம்மம்மா முறையைப் பாக்க வந்திருக்கிறாள் எண்டு நான் ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவன். தாயை உரிச்சு வைச்சிருக்கு எண்டு இராசம்மாவே சொல்லுவாள். வசந்தியும் பிள்ளை குட்டியோடை நிப்பாள். நீ நாலைஞ்சு வருசம் இருக்கலாம். பேந்து நான் இருந்தால், திரும்பவும் பாப்பம்."

எத்தனையோ வீடுகள். எத்தனையோ ஊர்கள், சிலவற்றின் மேல் இப்போது காடு. ஒன்றுக்குக்கூடத் திரும்பிப் போனதில்லை. போகலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வாசிக்கத் தெரியாத மாமி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

இரவு மூன்று தரம் சோறு போட்டுத் தின்றேன். பசியாக இருக்கலாம்.

மாசி 26, செவ்வாய்

மழை வரும் போல இருந்தது, வரவில்லை.

மாமா என் பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். புதுத் தகரப் பெட்டி. உள்ளே வைத்தவை: சேலை (அதே சேலை), சட்டை இரண்டு, அரியதரப் பலகாரம் ஒரு பை, ஊறுகாய், நல்லெண்ணெய்ப் போத்தல். சோற்றுக்கு ஒரு கோப்பையும் வைத்தார் மாமி. மாமாவுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. வழி முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தடியில் ஒருமுறை மட்டும் சைக்கிளை நிறுத்தினார். "தென்னம்பிள்ளையெல்லாம் காய்க்கிற காலத்துக்கு வந்திடும் பிள்ளை" என்றார். ஏறி மிதித்தார்.

வெளிக்கிடும்போது வ. வீட்டுக்குள்ளேயே நின்றாள். கோபம். படலையடிக்கு வரவில்லை. பிறகு ஓடி வந்து என் கையில் தாயக்கட்டை இரண்டையும் வைத்துவிட்டு ஓடினாள்.

மாமி படலையில்:

"உன்ரை மகளுக்குப் பேர் நான்தான் வைப்பன். பாக்கியம் எண்டு வை. என்ரை பேர். பேரப்பிள்ளைக்கு என்ரை பேர் வைச்சால் ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கமாட்டினம்."

"சரி மாமி."

"போட்டு வாறன் எண்டு சொல்லு. போறன் எண்டு சொல்லாதை."

சொன்னேன்.

பஸ் மாங்குளத்தில் நிற்கிறது. சாரதி தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். அதனால் எழுத முடிகிறது. பக்கத்தில் கோழிக்கூடையோடு ஒரு பெண். அரியதரம் ஒன்று கொடுத்தேன். நானாகவே கொடுத்தேன். அவள் தின்றுகொண்டே, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டாள்.

அந்தப் பெயருக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் இருக்கிறது.

பாக்கியம் என்று சொல்லிவிட்டேன்.